கறுப்பு நத்தையின் இரண்டாம் பக்கம்

கஸ்பார் மொத்தாவின் இருபத்துமூன்று வயதுக் குரல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஊர் மொத்தமும் சவேரியார் கோயில் முற்றத்தில் கூடியிருந்த நேரம். அப்போது கஸ்பாருக்கு எழுபத்துநாலு வயது, அவரும் அங்கேதான் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளாந்துறை என்கிற எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் கடலுமாக நீண்டு கிடக்கிறது. கப்பலுக்குப் போகாத ஆண்பிள்ளை இங்கே குறைவு, கப்பலிலிருந்து கதை கொண்டுவராதவன் அதைவிடக் குறைவு. திமிங்கிலத்தின் முதுகில் கால் நீட்டிச் சீட்டாடினேன் என்று ஒருவர் சொன்னார், நம்பினோம். மீன்கள் சாயங்காலமானால் கரையேறி வந்து வெற்றிலை போடும் தீவு ஒன்று இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார், அது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். கஸ்பார் சொன்னதைத்தான் ஐம்பது வருஷமாக ஒரு ஆளும் நம்பவில்லை.

கஸ்பார் சொன்னது இதுதான். 1973-ல் அவர் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்கட்டு உதவியாள், வெங்காயம் உரிப்பதும் தேக்சா கழுவுவதும் வேலை. இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் கப்பலின் எந்திரம் படுத்துவிட்டது. பழுது பார்க்க நாற்பத்தோரு நாள் ஆகும் என்றார்கள். கப்பல் அடுப்பை அணைத்து, ஆட்களைக் கரையில் ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். வேலையில்லாமல் துறைமுகத்தில் சுற்றித் திரிந்த கஸ்பார் ஒரு நாள் பழைய கிட்டங்கி ஒன்றுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தால், உள்ளே தோள்வரை முடி வளர்த்த ஐந்து வாலிபர்கள் கித்தாரும் டிரம்ஸும் புல்லாங்குழலும் பீரோ பெரிசில் ஒரு ஆர்கனுமாக, ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். லுமாக்கா நேரா என்பது அவர்கள் குழுவின் பெயர். கறுப்பு நத்தை என்று அர்த்தமாம். அவர்கள் கஸ்பாரை உள்ளே இழுத்து, தினமும் கூடவே வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டாம் நாள் மைக் முன்னால் நிறுத்தி, உன் பாஷையில் என்ன தோன்றுகிறதோ சொல் என்று கையைக் காட்டினார்கள். கஸ்பார் மூன்று நிமிஷம் சொன்னார். அது இசைத்தட்டில் ஏறிவிட்டது.

நம்புகிற மாதிரியா இருக்கிறது? நாங்கள் அவருக்கு ‘பாடகர்’ என்று பட்டப்பெயர் வைத்தோம்.

எங்களையெல்லாம்விடக் குறைவாக நம்பியது அவருடைய மனைவி தெக்லா. நிச்சயம் முடித்துவிட்டுக் கப்பலேறிய மனுஷன், ஐந்து மாசம் காகிதம் இல்லை, தந்தி இல்லை, திரும்பி வந்து தலைமுடியைத் தோள்வரை விட்டுக்கொண்டு நிற்கிறான், கேட்டால் நத்தை என்கிறான். கல்யாணமாகி ஐம்பது வருஷத்தில் அவர்களுக்குள் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

“அங்கனயே இருந்துருன்னு காலப் பிடிக்காத குறையாக் கேட்டானுவ. உனக்காகத்தாம்ட்டி அத்தனையும் விட்டுட்டு வந்தேன்” என்பார் கஸ்பார்.

“நீங்க போனது கொழும்பு. கொழும்புலேருந்து வாறதுக்கு எனக்காக வரணுமாக்கும்” என்பார் தெக்லா.

கப்பல் வேலை முடிந்து, ஏலக்கூடத்தில் முப்பது வருஷம் மீன் கூவி, கஸ்பாரின் தொண்டை தேய்ந்துபோனது. இப்போதெல்லாம் அவர் பேசினால் சிரட்டையைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்தான் வரும். பக்கத்தில் காதை வைத்தவர்களுக்கு மட்டும் விளங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அட்டைப்பெட்டி வந்தது. சதுரமாக, தட்டையாக, மேலே கஸ்பார் பெயரும் ஒரு வரிசை இத்தாலித் தபால்தலையும். உள்ளே பெரிய உறை. உறையின் மேல் ஒரு கறுப்பு நத்தை, ஓடு இருக்க வேண்டிய இடத்தில் கோபுரத்தோடு ஒரு மாதாகோயிலைச் சுமந்துகொண்டு கடல்மேல் ஊர்ந்துபோகிற படம். கூட வந்த இங்கிலீஷ் கடிதத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மகள் ஜெசிந்தா வாசித்துச் சொன்னாள். எழுதியது ரென்சோ, அன்றைக்கு டிரம்ஸ் வாசித்தவர், ஐவரில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள். அந்தக் காலத்தில் முந்நூறு பிரதி விற்று, குழு கலைந்து, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்களாம். ஆனால் வருஷம் போகப்போக அந்த இசைத்தட்டைத் தேடுகிறவர்கள் பெருகி, இப்போது மிலானில் ஒரு கம்பெனி பழைய ஒலிநாடாக்களைத் துடைத்துச் சுத்தம் செய்து ஆயிரம் பிரதி மறுபதிப்பாகப் போட்டிருக்கிறதாம். விடுதியின் பழைய பதிவேட்டைப் பார்த்து ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்தாராம்.

உறைக்குள் இருபத்துநாலு பக்கப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதில் ஒரு விமர்சகர், இரண்டாம் பக்கத்தில் பதினொன்றாவது நிமிஷத்தில் ஒலிக்கும் அந்தக் குரல், உலக வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றிக் கீழ்த்திசைத் துறவி ஒருவர் ஓதும் மந்திரம் என்று எழுதியிருந்தார். இத்தாலியில் பலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கூடவே ஓதுவார்களாம். போலோன்யாவில் ஒருவர் அதை முதுகில் பச்சைகுத்தியிருக்கிறாராம்.

“என்னப்பா சொன்னிய அதுல?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

கஸ்பார் தலையைச் சொறிந்தார். “போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது.”

ஊருக்குள் இசைத்தட்டுப் பெட்டி வைத்திருந்த ஒரே ஆள் மைக்செட் பவுலின். பங்குச்சாமியார் ஃபாதர் இஞ்ஞாசி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போடலாம் என்றார். கஸ்பார் பொய்யரா இல்லையா என்பது ஐம்பது வருஷத்து வழக்கு, தீர்ப்பு ஊர் முன்னால் வருவதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. கோயில் முற்றத்து வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். தெக்லா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தூரத்தில் மாதா கெபியடியில் குடையோடு நின்றார்.

முதல் பக்கம் ஓடியது. ஆர்கன் இடிபோல் வந்தது, அதற்குள்ளிருந்து புல்லாங்குழல் தப்பித்து ஓடியது, அதைத் துரத்திக்கொண்டு கித்தார் போனது, திடீரென்று எல்லாரும் நின்று மூச்சு வாங்கினார்கள், மறுபடி ஓடினார்கள். தாளம் போட்டுப் பார்த்தவர்கள் ஏழு வரை எண்ணி எட்டாவதுக்குக் கையைத் தூக்கும்போது பாட்டு அதற்குள் திரும்ப ஒன்றில் போய் நின்றது. கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற ஆள் இரண்டுமுறை தோற்று, கையைக் கட்டிக்கொண்டார். பவுலின் தட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கம் மொத்தமும் ஒரே பாட்டு, பத்தொன்பது நிமிஷம். பதினொன்றாவது நிமிஷத்தில் எல்லா வாத்தியமும் அடங்கி, அலைச்சத்தம் மட்டும் இருந்த இடத்தில், இளநீர் போலத் தெளிந்த ஒரு குரல் வேப்பமரத்திலிருந்து கேட்டது.

“சோறு எங்கல? முப்பத்தெட்டு நாளாச்சு, சோறு எங்க? மாவப் பெசஞ்சு நூலு நூலா இழுத்து, அவிச்சு, தட்டுல மல மாதிரி குமிச்சு வைக்கான். மேல செவப்பா ஒண்ண ஊத்துதான், கேட்டா கொழம்புங்கான். புளி கெடயாது, மொளகு கெடயாது, கருவேப்பில கேட்டா சிரிக்கான். ஏ மாதாவே, சாளை மீனும் மாங்காயும் போட்டு ஒரு கொழம்பு, ஒரு சட்டிச் சோறு, நான் வேற என்னத்தக் கேட்டேன்…”

கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்து, தீர்ப்பு வாங்கின மனுஷனாக நாலு திசையையும் பார்த்துத் தலையாட்டினார். ஃபாதர் இஞ்ஞாசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “மந்திரமா இது?” என்று கேட்டார். இன்னொரு தடவை கேட்கலாம் என்று எல்லாரும் கத்த, பவுலின் ஊசியைத் தூக்கினார்.

பாட்டு நின்றது. குரல் நிற்கவில்லை. புளியைப் பற்றிச் சொல்லி முடித்து, ரசத்துக்குப் போய், கொஞ்சம் நின்று, “ஏ, இது எந்த ஊரு? சாளை வறுக்குற சத்தம்லா கேக்கு?” என்று கேட்டபடி வேப்பமரத்திலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவே வழிவிடச் சொல்லி, கிழக்குத் தெரு பக்கம் போய்விட்டது.

இப்படித்தான் அது வந்தது. ஒன்றிரண்டு நாய்கள் குரைத்தன, பிறகு அவையும் பழகிக்கொண்டன.

முதல் கவலை அதற்குச் சாப்பாடு எப்படிப் போடுவது என்பதுதான். முப்பத்தெட்டு நாள் பட்டினி என்று அழுகிற பிள்ளையை எந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்? கிழக்குத் தெருப் பெண்கள் இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்தார்கள். குரலுக்கு வாய் இல்லை, சோறு ஆறிப்போனது. சாப்பிட முடியவில்லை என்று அது மறுபடி புலம்பத் தொடங்க, பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளிக்க, குரல் சட்டென்று அமைதியாகி, ஒரு ஏப்பம் விட்டது. அப்போதுதான் விளங்கியது, சத்தம் சத்தத்தைத்தான் சாப்பிடும் என்று. அதன்பிறகு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோம். கடுகு வெடிப்பது, மீன் பொரிவது, அப்பளம் நொறுங்குவது, கடைசியில் சட்டியைக் கரண்டி வழிக்கிற சத்தம், இவ்வளவும் கேட்டால் அதற்கு வயிறு நிறைந்துவிடும். மத்தியானம் யார் வீட்டிலாவது வெறும் பித்தளைக் குடத்துக்குள் இறங்கித் தூங்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

ரேஷன் கடையில் பெயர் சேர்க்கலாம் என்று அழைத்துப்போனோம். கைரேகை மிஷினில் விரல் வை என்றார் கடைக்காரர். விரல் இல்லை என்றது குரல். விரல் இல்லாதவர்களுக்குக் கண்ணைப் பதிவு செய்யலாம் என்றார் அவர், கருணையுள்ளவர். கண்ணும் இல்லை என்றதும் மனசு கேட்காமல் ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினார். பனி மூடின காலைகளில் அதைப் படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். அது ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவி, இன்னார் இங்கே, வலை அங்கே என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அந்த மாசம் எந்த இரண்டு படகும் மோதிக்கொள்ளவில்லை. பூசையில் பாடகர் குழுவோடு நின்று பாடியது, ஆர்மோனியக்காரர் மட்டும் அது ஏழில் தாளம் பிடிக்கிறது என்று முறையிட்டார். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வந்தது. குரல் ஒன்றே போதும் என்பதால் அதில் சிக்கல் எதுவும் இல்லை, முழந்தாளிட்டுப் பத்து அருள்நிறை மந்திரம் சொல் என்று தண்டனை கொடுத்தபோதுதான் முழங்காலுக்கு எங்கே போவது என்று ஃபாதர் இஞ்ஞாசி யோசிக்க வேண்டியதாயிற்று.

ஐம்பது வருஷம் கழிந்துவிட்டது என்பதை அதற்குச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரல் கேட்டது: “அப்பம் நான் செத்துட்டேனா ஃபாதர்?”

“இல்லப்பா. அந்தா, பெஞ்சுல உக்காந்து பல்லு குத்திட்டிருக்கியே, அதான் நீ.”

குரல் கஸ்பாரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. “இந்தக் கெழவனா?”

“மரியாதையாப் பேசுல” என்றார் கஸ்பார்.

“என்ன சொல்லுதாரு? ஒண்ணும் வெளங்கல்லியே.”

கஸ்பாருக்கு அன்றைக்கு ஆரம்பித்தது எரிச்சல். தன் பேரை ஐம்பது வருஷத்துக்குப் பிறகு சுத்தமாக்க வந்தது, வந்த வேகத்தில் அவரையே ஓரங்கட்டிவிட்டது. கடைத்தெருவில், “கஸ்பார் என்ன அழகாப் பேசுதான்” என்று யாராவது சொன்னால் அது இவரைப் பற்றி இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை வீட்டுக்குள் இருந்தது. மூன்றாம் நாளே குரல் தெக்லாவைக் கண்டுபிடித்துவிட்டது, மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்த எழுபது வயது மனுஷியின் பேச்சுக்குள்ளே பத்தொன்பது வயதுப் பெண்ணை அடையாளம் கண்டுகொண்டு, “ஏ தெக்லா, இன்னும் செவுளைத் தூக்கிப் பாக்காம மீனு வாங்கமாட்டியா?” என்று கேட்டது. தெக்லாவின் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அது சமையற்கட்டு சன்னலுக்கு வரும். தெக்லா தேங்காய் துருவிக்கொண்டே அதோடு பேசுவார். கட்டின புருஷனை ஐம்பது வருஷமாக நீங்க, வாங்க என்று கூப்பிட்டவர், இருபத்துமூன்று வயதுப் பயலுக்கு என்ன மரியாதை என்று குரலை வாலே, போலே என்றுதான் கூப்பிட்டார்; அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவர் முகத்தில் வந்துபோகிற பிரகாசத்தைக் கஸ்பார் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சன்னல அடைச்சு வையி. எலி வருது” என்று ஒரு நாள் சொன்னார்.

“எலி பேசுனா வரட்டும்” என்றார் தெக்லா. “நீங்க கடசியா என்கூட எப்பம் பேசுனிய?”

கஸ்பாருக்குப் பொறாமை மட்டும் இல்லை, பயமும் இருந்தது. குரலுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முப்பத்தெட்டாம் நாள் வரைக்கும்தான், ஆனால் அந்த நாள்வரை நடந்தது அத்தனையும் நேற்று நடந்தமாதிரி தெரியும், கேட்டால் ஒளிக்கவும் தெரியாது. தெக்லா கேட்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

ரென்சோவின் இரண்டாவது கடிதம் ஜெசிந்தாவின் போனில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியில் காலை ஏழேகால் மணிக்கு, ஆயிரம் பிரதியிலும் இரண்டாம் பக்கத்துப் பதினொன்றாவது நிமிஷத்தில் குரல் இல்லாமல் போய்விட்டதாம். அலைச்சத்தம் மட்டும் ஓடுகிறதாம். கம்பெனிக்குப் புகார்மேல் புகார். போலோன்யாக்காரர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று தானே வாசித்துப் பார்த்து அழுகிறாராம். அச்சுப்பிழை என்று கம்பெனி நினைக்கிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை, நான் புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வந்த பிள்ளையை அனுப்புவதா என்றார்கள் படகுக்காரர்கள். ஆயிரம் வீட்டுக்குச் சொந்தமானதை நாம் ஒரு ஊராக வைத்துக்கொண்டிருப்பது திருட்டுக் கணக்கில் வருமா என்று ஃபாதர் இஞ்ஞாசி யோசித்தார். ஆர்மோனியக்காரர் மட்டும் அனுப்பிவிடலாம் என்று தெளிவாக இருந்தார். குரலைக் கேட்டால், “ரென்சோ வாறானா? சாப்புட என்ன வைக்கப்போறிய?” என்றது.

ரென்சோ வந்தார். மொட்டைத்தலை, பெரிய வயிறு, வெயிலில் சிவந்த மூக்கு. கஸ்பார் வீட்டு வாசலில் காரை விட்டிறங்கி நின்றவர், எதிரே நின்ற கிழவரையும் அவர் தோளுக்கு மேலே இருந்த வெறும் காற்றையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கார்க் கதவில் விரலால் தட்டினார். ஏழு தட்டு. “லே ரென்சோ!” என்று குரல் பாய்ந்துபோய் அவர் காதுக்குள் சிரித்தது. மனுஷன் நடுத்தெருவில் அழுதார். பிறகு கஸ்பாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார், அது கொஞ்சம் தாமதம்தான், ஆனால் கஸ்பார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெக்லா சாளையும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். ரென்சோ வேர்த்து ஒழுக இரண்டாம் சோறு வாங்கினார். ஜன்னலில் ஊர் நிறைந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவர் பழைய கதையைச் சொல்ல, ஜெசிந்தா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் அவள் வாய் நின்றது.

“என்னட்டி சொன்னாரு? சொல்லு” என்றார் தெக்லா.

“ஒண்ணுமில்லம்மா.”

“நான் சொல்லுதேன்” என்றது குரல். “அன்னைக்குக் காலையில நான் காயிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன் தெக்லா. அஞ்சு பேரோட ஆறாவது ஆளா அங்கனயே இருந்துக்கிடுதேன்னு. கப்பலுக்குத் திரும்பல்லன்னு. உனக்கு ஒரு கடுதாசி போடணும்னுதான் இருந்தேன், என்ன எழுதன்னு தெரியல்ல.”

ரென்சோவுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டார்.

தெக்லா யாரையும் பார்க்கவில்லை. “அப்பம் எனக்காக வரல்ல” என்று மட்டும் சொன்னார். “அம்பது வருசம் கொழும்புன்னு நெனச்சேன். கொழும்பாவே இருந்துருக்கலாம்.” எழுந்து சமையற்கட்டுக்குப் போய், துருவி முடித்த தேங்காயின் வெறும் சிரட்டையைத் துருவத் தொடங்கினார்.

அந்தச் சத்தம் குரலுக்குக்கூடச் சாப்பிட முடியாததாக இருந்தது. ஜன்னலில் நின்ற நாங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி அசையாமல் நின்றோம். கஸ்பார் கையைக் கழுவாமல் எழுந்து, சமையற்கட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினார். தேய்ந்த தொண்டை, அதனால் எங்களுக்குப் பாதிதான் கேட்டது. மீதியை ஜெசிந்தா பிறகு சொன்னாள்.

“கையெழுத்துப் போட்டது நெசந்தான். பெறவு மத்தியானம் இத ரிக்காடு பண்ணுனானுவ. சாயங்காலம் எனக்குத் திருப்பிப் போட்டுக் காமிச்சானுவ. எஞ் சத்தத்த நான் அதுக்கு முன்ன கேட்டது கெடயாது தெக்லா. அவனுவ ஆகா ஓகோன்னு குதிக்கானுவ. எனக்குத் தல வலிச்சிட்டு. சோறில்ல, புளியில்ல, அதில்ல, இதில்ல… மூணு நிமிசம் கேக்க முடியல்ல. இந்தப் பய இருக்குற எடத்துலல்லாம் இப்பிடித்தான பொலம்புவான், இத ஆயுசு பூரா ஒக்காந்து கேக்க உலகத்துல யாருக்குப் பொறுமை இருக்கும்னு யோசிச்சேன். ஒரு பேருதான் வந்துச்சு. மூணாம் நாளு கப்பல்ல ஏறிட்டேன்.”

சிரட்டை நின்றது.

“எந்தப் பேரு?”

“ஏட்டி, அதான் சொல்லுதேன்ல…”

“இங்கன அடுப்படியில வந்து எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம். அம்பது வருசம் ஊரு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சியள்லா? இப்பவும் ஊரு சன்னல்லதான் நிக்குது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

கஸ்பார் திரும்பி நின்று மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. இன்னொருமுறை முயன்றார், இருமல் வந்தது. மூன்றாம்முறை அவர் வாய் திறந்தபோது கூடத்திலிருந்து குரல் எழுந்துவந்து, அவருக்குப் பக்கத்தில் அவர் உயரத்துக்கே நின்று, வீடும் தெருவும் கடற்கரையும் கேட்கச் சொன்னது:

“தெக்லான்னு சொல்லுதாரு!”

கடலில் நின்ற படகொன்றிலிருந்து யாரோ, “என்னது?” என்று பதிலுக்குக் கத்தினார்கள்.

தெக்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தோம், தோள் குலுங்கியது, பிறகு பொத்தின கையை மீறிச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. “எனக்குப் பொறுமை இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார். ரென்சோ என்ன நடக்கிறது என்று ஜெசிந்தாவைக் கேட்டார்; அவள் கொஞ்சம் யோசித்து, இரண்டாவது பக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னாள்.

சாயங்காலம் குரல் தன் முடிவைச் சொன்னது. பெரியவர் தெக்லாவுக்காகத் திரும்பி வந்த காரியம் முடிந்துவிட்டது, நான் போட்ட கையெழுத்து மட்டும் அந்தரத்தில் நிற்கிறது, நான் போய் அதைக் காப்பாற்றுகிறேன் என்றது. படகுக்காரர்கள் முகம் வாடியது. ஃபாதர் இஞ்ஞாசி சிலுவை போட்டு ஆசீர்வதித்தார், தலை எந்த இடம் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டு. புறப்படுகிற அன்று காலையில் வெள்ளாந்துறையின் நூற்றிருபது அடுப்பிலும் ஒரே நேரத்தில் கடுகு தாளித்தோம். அப்படியொரு விருந்து எந்தக் குரலுக்கும் எந்த ஊரிலும் நடந்திருக்காது.

தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கஸ்பாரும் தெக்லாவும் கூடவே போனார்கள். ரென்சோ பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற காவலர் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, “உள்ள என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றது குடம்.

காவலர் ரென்சோவை மேலும் கீழும் பார்த்து, “தமிழ் நல்லாப் பேசுறீங்களே” என்றார்.

ரென்சோ உள்ளே போகத் திரும்பும்போது கஸ்பாருக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு மாசமாக எப்போது ஒழியும் என்று காத்திருந்த மனுஷன், ஓடிப்போய்க் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

“லே, அங்கன குளிரு கூடுதலுல. ராத்திரில வெளிய சுத்தாத. கழுத்துல துண்டு சுத்திக்கோ, என்ன?”

“எனக்குக் கழுத்து கெடயாதே பாட்டா” என்றது குரல். முதல்முறையாக அது அவரோடு நேருக்கு நேர் மரியாதையாகப் பேசியது. “நீங்க சுத்திக்கிடுங்க.”

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. திரும்பி வருகிற வழியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி தெக்லா இறங்கினார். அங்கே பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். கஸ்பாரும் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார்.

“முத்தலா இருக்கு” என்று முதல் நுங்கிலேயே முனகினார், “தண்ணியே இல்ல, தோலு வேற கசக்கு, போன வருசம் எவ்வளவு…”

“சத்தமாச் சொல்லுங்க” என்றார் தெக்லா, தன் நுங்கைத் தோண்டியபடியே. “கேக்கல்ல.”